இரண்டாம் மதிப்பீட்டாளர்

அந்த மின்னஞ்சலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் மங்கையர்க்கரசிக்குப் பதில் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

எழுதியவள் பெயர் ரஹ்மத்நிசா. ஊர் முத்துப்பேட்டை. உவர்நிலத்து நெல்லைப் பற்றி மங்கையர்க்கரசி எழுதி ‘வேரியல்’ ஆய்விதழில் வெளிவந்த கட்டுரையைப் பலமுறை படித்ததாகச் சொல்லியிருந்தாள். அது வெளிவருவதற்கு இரண்டு வருடம் முன்பு, தானும் அதே யோசனையை வைத்து அதே இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பியதாகவும், அது திரும்பி வந்துவிட்டதாகவும் எழுதியிருந்தாள். “இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்ட மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அத்தோடு விட்டுவிட்டேன். நீங்கள் அதே வழியில் போய் ஜெயித்திருக்கிறீர்கள். அந்தக் கேள்வியை எப்படித் தாண்டினீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள் மேடம்.” கூடவே தன் கட்டுரையையும், இதழ் அவளுக்கு அனுப்பிய மதிப்பீடுகளையும் இணைத்திருந்தாள்.

வேதாரண்யத்து உவர்நில ஆய்வு நிலையத்தில் அது சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் கூடத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள். மங்கை தன் அறையிலேயே இருந்து அந்தப் பெண்ணின் கட்டுரையைத் திறந்தாள். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

உப்பு மண்ணில் நெல் நட்டால் வேர் உப்பை உறிஞ்சும், செடி கருகும். அதனால் எல்லோரும் வேருக்குள் உப்பு நுழையாமல் தடுக்கத்தான் வழி தேடினார்கள். மங்கையின் கட்டுரை தலைகீழாகச் சொன்னது. தடுக்க வேண்டாம். எப்படியும் சாகப்போகிற முதல் வேர்களிடம் உப்பைக் கொடுத்துவிடலாம். அலையாத்திக் காட்டு மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சையை நாற்றங்காலில் சேர்த்தால், அது பழைய வேர்களில் குடியேறி உப்பை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும். புது வேர் நல்ல தண்ணீரைக் குடிக்கும். இவ்வளவுதான் விஷயம். தலைஞாயிறு பக்கத்து விவசாயிகள் இதற்கு ‘மங்கை நாத்து’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிடைத்த பொன்னாடைகள் எல்லாவற்றையும்விட அந்தப் பெயர்தான் அவளுக்குப் பிடித்திருந்தது.

முத்துப்பேட்டைப் பெண்ணின் கட்டுரையில் பூஞ்சை வேறு, சோதனை முறை வேறு, எழுத்து கொஞ்சம் பதற்றமானது. யோசனை அதேதான். சாகப்போகும் வேர் என்ற சொற்கள்கூட இருந்தன.

மங்கை எழுந்து ஜன்னலைத் திறந்தாள். காற்று உப்பளத்திலிருந்து நேராக வந்தது. அறிவியலில் இது நடப்பதுதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒரே காலத்தில் இரண்டு பேருக்கு ஒரே எண்ணம் தோன்றியதற்கு எத்தனை உதாரணம் இருக்கிறது. அவளுக்கு அது எப்படித் தோன்றியது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நிலையத்தின் கடைசி வயலில், அறுத்துவிட்ட தாள்களுக்கு நடுவே நின்றவள் ஒரு கருத்த பழைய வேரைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, வாயில் வைத்துக் கடித்தாள். கரித்தது. பக்கத்திலிருந்த இளம் வேரைக் கடித்தாள். கரிக்கவில்லை. அந்த நிமிடம் அவள் நாக்கில் இன்னும் இருக்கிறது. பாராட்டு விழாக்களில் இதைச் சொன்னால் கை தட்டுவார்கள். போன வருடத்திலிருந்து மட்டும் ஏனோ அந்தக் கதையைச் சொல்லப் பிடிக்கவில்லை. மேடை ஏறவே பிடிக்கவில்லை. விடிகாலையில் எதற்கோ வெட்கப்பட்டுக்கொண்டு விழிப்பு வந்தது. எதற்கென்று தெரியவில்லை. வயதுக் கோளாறு, மாதவிடாய் நிற்கிற காலம் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு மதிப்பீட்டைத் திறந்தாள்.

முதல் இரண்டு கேள்விகள் யாரும் கேட்கக்கூடியவை. மூன்றாவது இப்படி இருந்தது: ‘மண் மாதிரிகள் நண்டு வளைகளிலிருந்து எவ்வளவு தள்ளி எடுக்கப்பட்டன? வளைக்கு அருகில் உப்பு கீழே இறங்கிவிடும். இதைக் கணக்கில் எடுக்காத எந்த முடிவையும் நம்ப இயலாது.’

நண்டு வளையைப் பற்றி உலகத்தில் வேறு யாரும் கேட்பதில்லை. அவளுடைய மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளை நண்டு மேடம் என்றுதான் அழைப்பார்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கிறவர்கள் ‘நண்டு வந்துடுச்சா’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதை அவளே காதால் கேட்டிருக்கிறாள்.

கடைசி வரி: ‘திருத்தி எழுதிப் பயனில்லை. அடிப்படை யோசனையே தவறு. கட்டுரையாளர் இந்தத் திசையில் மேலும் உழைப்பது வீண்.’

இத்தனை வருடத்தில் எந்த மாணவரிடமும் அவள் நிறுத்து என்று சொன்னதில்லை.

*

அவள் மாணவியாக இருந்த காலத்தில் மதிப்பீட்டாளர்கள் மேல் எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது. வெளிவராத கட்டுரையை இதழ் அவர்களிடம் நம்பிக் கொடுக்கிறது. அதை நிராகரித்துவிட்டு, அதே யோசனையைச் சொந்தமாக்கிக்கொள்கிறவர்கள் இருந்தார்கள். பெரிய திருட்டு ஒன்று அம்பலமாகி, ஒரு மாணவர் உயிரை விட்டபிறகு, மறதி அறைகள் வந்தன. திருச்சியில் இருக்கும் ‘வேரியல்’ அலுவலகத்திலும் ஒன்று இருக்கிறது. மதிப்பீட்டாளர் அங்கே போய், கட்டுரையாளர் பெயர் நீக்கப்பட்ட பிரதியைப் படித்து, கருத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, தலையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். பட்டையைக் கட்டுகிற ஸ்டெல்லா, படித்ததை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள் என்பாள். நினைவு என்பது எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் ஈரமாகிற களிமண். ஈரம் காய்வதற்குள் கலைத்துவிட்டால் பழைய உருவம் போய்விடும். எழுந்து வெளியே வரும்போது, இன்று ஒரு கட்டுரை படித்தோம் என்பது மட்டும் தெரியும். என்ன கட்டுரை என்பது தெரியாது.

எதை ஓட்டினாலும் அது கலையும் என்பதால், கட்டுரையைத் தவிர வேறு எதையும் ஓட்டக் கூடாது என்று விதி. என் நாத்தனாரை மனத்துக்குள் கொண்டு வரலாமா என்று மங்கை ஒருமுறை கேட்டதற்கு, கட்டுரை மட்டுந்தான் மேடம், நாத்தனாருக்கெல்லாம் மெஷின் தாங்காது என்றாள் ஸ்டெல்லா.

ஒன்று மட்டும் அந்த மெஷினுக்குள் அகப்படுவதில்லை. படித்தபோது உண்டான மனநிலை மிஞ்சும். காரணம் போய்விடும், எரிச்சலோ மகிழ்ச்சியோ மட்டும் ஊர் வரைக்கும் கூட வரும். மதிப்பீட்டாளர்கள் இதைச் சிரித்துக்கொண்டே பேசிக்கொள்வார்கள். மங்கையும் சிரித்திருக்கிறாள்.

அன்று மாலை அவள் தன் கணவரிடம், திருச்சிக்குப் போய்விட்டு வருகிற நாட்களில் நான் எப்படி இருப்பேன் என்று கேட்டாள். கலியபெருமாள் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியின் முகத்தைத் தவிர அவருக்கு இப்போது படிக்க வேறு அதிகம் கிடையாது. கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாய் என்றார். பிறகு யோசித்து, இரண்டு தடவை மட்டும் வேறு மாதிரி என்றார்.

“நாலு வருசம் இருக்கும். வந்ததும் வராததுமா, ‘ஏங்க, நான் என்ன பொறாமக்காரியா?’ன்னு கேட்ட. இல்லன்னு சொன்னேன். எதுக்குக் கேக்குறேன்னு உனக்கே தெரியல.”

“இன்னொரு தடவ?”

“போன வருசம். செருப்பக் கழட்டாம வாசப்படியிலயே உக்காந்துட்ட. கேட்டா தலைவலின்ன. அதுக்கப்புறந்தான் இந்த மாத்திர, தூக்கமில்லாமப் போறது, எல்லாம்.”

நான்கு வருடம் முன்பு அந்தக் கேள்வியைக் கேட்ட பெண்ணை மங்கை நினைத்துப் பார்க்க முயன்றாள். யாரோ ஒருத்தியைப் போலத்தான் இருந்தாள். அவள் கடைசி வயலுக்குப் போனது அதற்குப் பிந்தைய தையில். அத்தனை தாள் கிடக்க, கை ஏன் கருத்த வேருக்குப் போயிற்று? அதை ஏன் வாயில் வைக்கத் தோன்றியது? மண்ணைத் தின்னும் பழக்கம் அவளுக்குச் சின்ன வயதில்கூட இருந்ததில்லை.

*

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு முத்துப்பேட்டைக்குப் பஸ் ஏறினாள்.

ரஹ்மத்நிசா இறால் குட்டைகளுக்குத் தண்ணீர் சோதித்துக் கொடுக்கும் ஒரு கூடத்தில் வேலை பார்த்தாள். கடைத்தெருவில் இரண்டு கடைகளுக்கு இடையே ஒடுங்கிய இடம். குட்டைக்காரர்கள் பழைய குளிர்பான பாட்டில்களில் தண்ணீரைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, உப்பு எவ்வளவு என்று கேட்டுப் போனார்கள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும் அவளுக்கு. மங்கையை அடையாளம் கண்டதும் எழுந்து நின்று, நாற்காலியைத் துப்பட்டாவின் நுனியால் துடைத்தாள். பதில் எழுதினால் போதுமே, இவ்வளவு தூரம் வரணுமா மேடம் என்று கூச்சப்பட்டாள். பையனை அனுப்பாமல் தானே எதிர்க்கடைக்குப் போய் டீ வாங்கி வந்தாள்.

டீயைக் குடித்து முடித்தபிறகு சொல்லலாம் என்று மங்கை நினைத்திருந்தாள். குடித்தால் அந்த டீக்கும் சேர்த்துக் கடன்பட வேண்டும் என்று தோன்றியது. கிளாஸைக் கீழே வைத்தாள்.

“அந்த ரெண்டாவது ஆளு நாந்தான்னு நினைக்கிறேன்.”

ரஹ்மத்நிசாவுக்கு முதலில் புரியவில்லை. மங்கை நண்டு விஷயத்தைச் சொன்னாள். மறதி அறையைச் சொன்னாள். வேரைக் கடித்ததைச் சொன்னாள், அது பொய் இல்லை, ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தனக்குத் தெரியவில்லை என்றாள். இடையில் ஒருவர் பாட்டிலோடு வந்தார். ரஹ்மத்நிசா அவருடைய தண்ணீரைக் குழாயில் எடுத்து, மருந்து விட்டு, நிறம் பார்த்து, எண்ணைச் சொல்லி அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“கேள்வி கேட்டதுல எனக்கு வருத்தமில்ல மேடம். கேள்வி சரிதான்,” என்றாள் ரஹ்மத்நிசா. “கடைசி வரி. எதுக்கு நிறுத்தச் சொன்னீங்க?”

“தெரியாது.”

“தெரியாதுன்னா எப்படி? நீங்கதானே எழுதுனீங்க?”

“நாந்தான். ஆனா அன்னைக்கு அங்க உக்காந்திருந்தவ எதை நெனச்சு எழுதுனான்னு எனக்குத் தெரியாது. உண்மையிலேயே தப்புன்னு நெனச்சிருக்கலாம்.”

“இல்லாட்டி?”

வீட்டில் கணவரிடம் தான் கேட்ட கேள்வியை இவளிடம் சொல்ல மங்கைக்கு வாய் வரவில்லை.

ரஹ்மத்நிசா தன் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். அந்த வரியைப் படித்தபிறகு வழிகாட்டிப் பேராசிரியர் தலைப்பை மாற்றச் சொன்னார். மாற்றிய தலைப்பில் மனம் போகவில்லை. உதவித்தொகை முடிந்தது. அத்தாவுக்கு உடம்பு முடியாமல் போனது. இந்த வேலை கிடைத்தது. பூஞ்சை வளர்த்த தட்டுகளைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டு வந்தாள். மங்கையின் கட்டுரை வந்தபோது முதலில் சந்தோஷம்தான் பட்டாளாம், யோசனை தப்பில்லை என்று. பிறகுதான் தூக்கம் போனது.

“போன வருசம் ஜர்னலுக்கு எழுதிக் கேட்டேன். ஒரே மாதிரி இருக்கேன்னு. உங்களைக் கூப்பிட்டு விசாரிச்சாச்சு, நீங்க தனியா கண்டுபிடிச்சதுதான்னு பதில் போட்டாங்க.”

“என்னை யாரும் விசாரிக்கலையே.”

“அப்படித்தான் போட்டிருந்தாங்க.”

அப்படியானால் இதழாசிரியர் பொய் சொல்லியிருக்கிறார். மங்கைக்கு, வெட்கத்தை மீறி, ஒரு நிம்மதி வந்தது. கோபப்பட வேறு ஒருவர் கிடைத்த நிம்மதி. நாளைக்கே திருச்சிக்குப் போய், கட்டுரையை வாபஸ் வாங்குவதாகவும், அதன் காரணத்தை வெளியிட வேண்டும் என்றும் சொல்லப்போவதாகச் சொன்னாள். ரஹ்மத்நிசா நன்றி சொல்லவில்லை, மன்னித்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. போய்ட்டுப் பேசுங்க மேடம் என்று தன் நம்பரை மட்டும் கொடுத்தாள்.

*

பேராசிரியர் சூசைமாணிக்கம் பதினோரு வருடமாக ‘வேரியல்’ ஆசிரியராக இருப்பவர். திருச்சி புத்தூரில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் அலுவலகம். மெலிந்த மனிதர், சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. மங்கை உள்ளே நுழைந்ததும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மழைக்காலத்தில் தண்டவாளத்தைப் பார்க்கிற ஸ்டேஷன் மாஸ்டரைப் போல, வரப்போவது தெரிந்த பொறுமையோடு அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டுரையை வாபஸ் வாங்குகிறேன், காரணத்தைப் போடுங்கள் என்று அவள் முடித்தாள்.

“காரணம்னு என்ன போடுறது? மதிப்பீட்டாளர் யாருன்னு சொல்லக் கூடாதுங்கறது விதி. நீங்களே சொன்னாலும் விதிமீறல்தான்.”

“போடுங்க. என்னைத் தள்ளி வைங்க. ஆனா சார், என்னை விசாரிச்சதா அந்தப் பொண்ணுக்குப் பொய் எழுதினீங்களே, அது எந்த விதி?”

சூசைமாணிக்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“பொய் எழுதல மேடம். விசாரிச்சேன். போன வருசம், இதே நாற்காலியில.”

வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போய்த் தேய்கிறவரைக்கும் அவள் காத்திருந்தாள்.

அவர் நிதானமாகச் சொன்னார். வேறொரு கட்டுரைக்காக அவள் வந்திருந்த நாள். கூப்பிட்டு, புகாரையும் மதிப்பீட்டையும் படிக்கக் கொடுத்தார். நண்டுக் கேள்வியில் அவள் நின்றுவிட்டாள். இன்றைக்குப் பேசியதையெல்லாம் அன்றைக்கும் பேசினாள். வாபஸ் வாங்குகிறேன் என்றாள், அழுதாள், தண்ணீர் குடித்தாள்.

“அப்புறம் நீங்க என்னை அந்த அறைக்கு அனுப்பிட்டீங்க.”

“இல்ல. அதை நான் சொல்லல. சொல்லத் தோணியிருக்கலாம், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா கேட்டது நீங்க. ‘இதை ஓட்டிட்டு எந்திரிச்சா போயிடும்ல சார்?’னு கேட்டீங்க. விதியில அதுக்கு இடமில்லையேன்னேன். ‘இதுவும் கட்டுரை சம்பந்தப்பட்டதுதானே’ன்னீங்க.”

மங்கைக்கு அந்தக் குரல் கேட்டது. விதிக்குள் ஒரு சந்து கண்டுபிடிக்கிற அந்தக் குரல் அவளுடையதுதான். சந்தேகமே இல்லை. இதுவரை இரண்டு பெண்களை அவளுக்குத் தெரியாமல் இருந்தது. நிறுத்து என்று எழுதியவள். மறக்கக் கேட்டவள். இரண்டு பேருமே அவள் முகத்தோடு வந்து, அவள் கையெழுத்தில் வேலையை முடித்துவிட்டு, அவளை மட்டும் ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். விடிகாலையில் எழுந்து வெட்கப்பட்டவள் மூன்றாமவள். மாத்திரை சாப்பிட்டவள் அவள்தான்.

“என் கட்டுரை முதல்ல வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியும். இந்த ஆபீஸ்ல மறக்க அனுமதியில்லாதவன் நான் ஒருத்தன்தான். யார் எதைப் படிச்சாங்க, எதைத் தள்ளினாங்க, எல்லாருக்கும் சேர்த்து நான்தான் ஞாபகம் வச்சிருக்கேன். யோசனை ஒண்ணு, வழி வேற. மறதி அறை சரியாத்தான் வேலை செய்யுதுன்னு நம்பினேன். நம்பாம இருந்தா...” அவர் கையை விரித்தார். “இது வெளிய போச்சுன்னா உங்க ஒரு கட்டுரையோட நிக்காது மேடம். இத்தனை வருசமா வந்த அத்தனை பேரும், நம்ம யோசனை நம்மளுதானான்னு உக்காந்து சந்தேகப்படுவாங்க. நல்லவங்கதான் அதிகம் சந்தேகப்படுவாங்க.”

“படட்டும். நான் பட்டுக்கிட்டுதானே இருக்கேன், காரணம் தெரியாமயே.”

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இன்றைக்கும் அறை காலியாகத்தான் இருக்கிறது என்றார். வற்புறுத்துகிற தொனியே இல்லை. களைத்தவருக்கு நாற்காலியைக் காட்டுவதுபோலச் சொன்னார்.

“அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டேன் சார். நேத்தே.”

அவர் தலை நிமிர்ந்தது. போன தடவை யாரிடமும் சொல்லவில்லை என்பது அந்த நிமிர்தலிலேயே தெரிந்தது. ஆனால் அவர் மறுபடியும் சாய்ந்துகொண்டார்.

“சொன்னா என்ன? அவங்க வந்து கேப்பாங்க. நீங்க அப்படி ஒண்ணும் நடக்கலையேம்பீங்க. பொய்யா இல்ல, உண்மையாவே சொல்வீங்க. அவங்களுக்கே தாம் கேட்டது சரிதானான்னு ஆயிடும். நான் மிரட்டல மேடம். அந்த அறையோட வலு அதுதான்னு சொல்றேன்.”

மங்கையை உலுக்கியது அவர் சொன்னது அல்ல. அதைக் கேட்டபோது தனக்குள் ஏதோ ஒன்று தளர்ந்து, ஆமாம், அரை மணி நேரம்தானே என்று சொன்னது. தலைஞாயிறு வயல்கள் அப்படியே இருக்கும். நாற்றுக்கு அவள் பெயர் இருக்கும். மிச்சமாக ஒரு கனம் கூட வரும், அதைச் சுமந்து பழகிவிட்டது. டாக்டர் வேறு மாத்திரை தருவார்.

வாபஸ் கடிதத்தை இன்றைக்கே அனுப்புகிறேன் என்று சொல்லி எழுந்தாள். அவர் கும்பிட்டார்.

மறதி அறையின் வாசலில் ஸ்டெல்லா நின்றிருந்தாள். துவைத்து மடித்த பட்டை அவள் கையில் இருந்தது. எப்போதும் போலச் சிரித்தாள்.

“ரூம் ரெடி மேடம்.”

“இன்னைக்கு இல்ல ஸ்டெல்லா. ஊருக்குக் கிளம்பிட்டேன்.”

“சரி மேடம்.” ஸ்டெல்லாவின் குரலில் குத்தல் எதுவும் இல்லை. “நான் சாயங்காலம் வரைக்கும் இருப்பேன். போன தடவையும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத்தான் திரும்பி வந்தீங்க.”

மங்கை கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படி இறங்கினாள். கீழே வெயில் தெருவை வெளுக்க வைத்திருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். தான் உறுதியாக இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. போன வருடமும் இந்த இடத்தில் நின்றபோது இப்படித்தான் தோன்றியிருக்கும். எந்தக் கடை வரைக்கும் அந்த உறுதி தாங்கியது, எந்த இடத்தில் திரும்பினாள் என்று தெரிந்தால் அந்த இடத்தையாவது சுற்றிக்கொண்டு போகலாம்.

கைபேசியை எடுத்து அந்த நம்பரை அழுத்தினாள்.

“சொல்லிட்டீங்களா மேடம்?” ரஹ்மத்நிசாவின் குரலுக்குப் பின்னால் பாட்டில்கள் உரசும் சத்தம் கேட்டது.

“சொல்லிட்டேன்.” மங்கை நிறுத்தி மூச்சு விட்டாள். “ரஹ்மத், அவரு உனக்குப் பொய் எழுதல. போன வருசமும் நான் இங்க வந்திருக்கேன். எல்லாம் தெரிஞ்சிருக்கு. நானே கேட்டு மறந்திருக்கேன்.”

மறுமுனையில் பாட்டில் சத்தம் நின்றது.

“இன்னைக்கும் திரும்பி மேல போயிடுவேனோன்னு பயமா இருக்கும்மா. என்னை எனக்கு நம்ப முடியல.”

ரஹ்மத்நிசா யாரிடமோ, அப்புறம் வாங்க அண்ணே என்று சொன்னது கேட்டது. பிறகு ஒரு நாற்காலி இழுபடும் சத்தம்.

“பஸ் ஸ்டாண்டு தூரமா?”

“நடக்குற தூரந்தான்.”

“நடங்க. போனை வைக்காதீங்க. பஸ்ல ஏறி உக்காந்து, வண்டி நகர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வாங்க.”

“என்ன பேசுறது?”

“அன்னைக்கு அந்த ரூம்ல உக்காந்து என் கட்டுரையைப் படிச்சப்ப என்ன நெனச்சிருப்பீங்க, அதைச் சொல்லுங்க. தெரியாதுன்னு சொல்லக் கூடாது. யோசிச்சுச் சொல்லுங்க.”

மங்கை நடந்தாள். வலது பக்கம் மருந்துக்கடை, அதையடுத்து ஒரு பூட்டிய வீடு, வேப்பமரத்தடியில் இரண்டு ஆட்டோக்கள். பட்டையைக் கட்டுவதற்கு முன்பு, அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார முயன்றாள். அவள் கண் எந்த வரியில் நின்றிருக்கும் என்று பார்த்தாள். அந்த வரியைத் தானும் நேற்று முன்தினம் படித்தவள்தானே. அப்போது உள்ளங்கை ஏன் வியர்த்தது?

“நல்லா இருக்குன்னு நெனச்சிருப்பேன்,” என்றாள். தெருவைக் கடந்தாள். “ரொம்ப நல்லா இருக்குன்னு நெனச்சிருப்பேன்.”

“ம்,” என்றாள் ரஹ்மத்நிசா. “மேல சொல்லுங்க.”